மணல் போகும் வழியும் பாடம் போகும் வழியும்

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள கடலோர ஊரான பொம்மையார்பாளையத்தில் வலை உலர்த்தவும் படகை இழுத்து ஏற்றவும் ஒரு காலத்தில் தாராளமாக மணல் இருந்தது. ஒரு தலைமுறைக்குள் அந்த மணல் போய்விட்டது. கரையோரத் தென்னைகள் சாய்ந்தன, வீடுகள் விழுந்தன. ஊர்க்காரர்கள் கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு மறியலுக்குப் போனார்கள். தெற்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி எல்லாவற்றிலும் இதே கதைதான். வரிசைதான் முன்பின்.

காரணம் மறைவானதல்ல. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. 1980களின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. வடக்குக் கரைக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. புதுச்சேரி நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு கல் முடியும் இடத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்டினார்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து வந்ததுதான் இந்த ஊர் வரை.

இந்த ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை எழுந்து, "மணலெல்லாம் எங்க சார் போச்சு?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அறிவியல், கணக்கு, புவியியல், குடிமையியல் நான்கும் ஒரே கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. செயல்திட்டவழிக் கற்றல் என்று கல்வியாளர்கள் பேசுவது இப்படிப்பட்ட கேள்வியைத்தான். ஆனால் அந்த ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தன் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. மணல் இங்கே குறைந்ததை இங்கே அளக்கலாம். அது எங்கே கூடியது என்பதைத் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள ஒரு பள்ளிதான் அளந்து சொல்ல வேண்டும். அடுத்து எங்கே குறையப் போகிறது என்பதை வடக்கே உள்ள பள்ளி சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதை நாம் பெருந்தன்மை என்ற கணக்கில் எழுதி வந்திருக்கிறோம். இந்தக் கரையில் நின்று பார்த்தால் அது அளவீட்டின் ஒரு பாதியாகத் தெரிகிறது. அந்தப் பாதி இல்லாவிட்டால் செயல்திட்டமே இல்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு நினைவு வரும். அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். 'இயற்கை வளங்கள்' என்று தலைப்பு அச்சிட்ட படத்தாள், சார்ட் பேப்பர், பசை. அம்மா வெட்டுவார், அக்கா எழுதுவார், பிள்ளை தூங்கிவிடும். தமிழ்நாட்டில் 2012-13 முதல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கென நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பல ஊர்களில் படத்தாள் வியாபாரம் எடுத்துக்கொண்டது. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி கேட்டது முடிந்த பொருளை, அவர் முடிந்த பொருளை விற்றார்.

ஆசிரியர்களின் பகிர்வும் பெரும்பாலும் இதே பாதையில்தான் போகிறது. வட்டாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, பாடத்துக்கு ஒரு குழு, தலைமையாசிரியர்களுக்குத் தனிக் குழு. நாளொன்றுக்கு நாற்பது செய்தி வருகிறது. அழகான மாதிரி, வண்ணத் தாளில் செய்த எரிமலை, பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம், கீழே கைதட்டும் சின்னங்கள். அந்த எரிமலைக்கு முன்னால் வகுப்பில் என்ன கேள்வி எழுந்தது, எந்தக் குழு சண்டை போட்டுப் பிரிந்தது, மூன்றாம் நாள் ஏன் நின்றுபோனது என்று ஒரு வரிகூட இருக்காது. படத்தைப் பார்த்து இன்னொருவர் செய்தால் அவருக்குக் கிடைப்பது இன்னொரு எரிமலை. செயல்திட்டம் கிடைக்காது.

கருத்து பழையது. அமெரிக்காவில் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறை பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவருக்கு முன்பே ஜான் டூயி 1896இல் சிகாகோவில் ஆய்வகப் பள்ளி தொடங்கியிருந்தார். ஆனால் பகிர்வு என்று பார்த்தால் நமக்கு நெருக்கமானவர் இவர்கள் இருவரையும்விட செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சுக் கிராமத்து ஆசிரியர்தான். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர், வகுப்பில் நெடுநேரம் பேச மூச்சு போதாது. 1920இல் தெற்குப் பிரான்சின் மலையோரத்தில் பார்-சுர்-லூ என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளை வெளியே நடத்திக் கூட்டிப்போனார். பார்த்ததை அவர்களே எழுதினார்கள், எழுதியதைச் சிறு அச்சுக்கருவியில் அவர்களே கோத்து அச்சடித்தார்கள். 1926இல் அந்தத் தாள்கள் அஞ்சலில் நாட்டின் மறு மூலைக்கு, பிரித்தானி கடற்கரையிலிருந்த த்ரேகங் என்ற ஊர்ப் பள்ளிக்குப் போயின. அங்கே ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் வகுப்பு தன் ஊர்க் கடலைப் பற்றி எழுதி அச்சிட்டு அனுப்பியது. மலையூர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரை முதன்முறையாக விளக்க வேண்டியிருந்தது. தெரிந்ததைத் தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போதுதான் எது தெரியவில்லை என்பது பிடிபடும். ஆசிரியர்களுக்கும் அதுவே நடந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பாட அட்டைகள் எழுதிப் பொதுவில் வைத்தார்கள்.

அட்டை என்றதும் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு வேறொன்று நினைவு வரும். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் பத்மநாப ராவும் ராமாவும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய பாட அட்டைகள் ஒரே அறையில் பல வகுப்புகள் இருக்கும் நிலைமைக்கு ஏற்றவை. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்தார்கள். 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007 முதல் மாநிலம் முழுதும் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. சுவர் ஓரத்துக் கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது, ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

முதல் 13 பள்ளிகளில் அட்டைகளை எழுதியவர்கள் வகுப்பு ஆசிரியர்கள். எது வேலை செய்யவில்லை என்று திருத்தியவர்களும் அவர்களே. மாநிலம் முழுதும் போனபோது போய்ச் சேர்ந்தது அச்சிட்ட அட்டையும், எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படியும். திருத்தும் உரிமை வண்டியில் ஏறவில்லை. கடற்கரைப் பள்ளியின் ஆசிரியர் தன் ஊர் மீனின் பெயரை அட்டையில் சேர்க்க நினைத்தால் சேர்க்கலாமா என்பதே தெளிவாகச் சொல்லப்படவில்லை. பத்தாண்டுக்குள் அது எளிமையாக்கப்பட்டது, பின்னர் வேறு திட்டங்கள் வந்தன. முறை தோற்றது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பகிர்ந்தது பாதி, அவ்வளவுதான்.

மறுபாதி எப்படி இருக்கும் என்பதற்கு ஓஷங்காபாத்தைப் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டம் இன்று நர்மதாபுரம். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் என்ற இரு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை செய்தே கற்பிப்பது என்று தொடங்கின. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். 1978இல் மாவட்டம் முழுதும் பரவியது. 1982இல் ஏகலவ்யா அமைப்பு பிறந்து பொறுப்பை எடுத்துக்கொண்டது. பொம்மை அறிவியலுக்குப் பெயர்போன அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரப்பரையும் கையில் எடுத்தது இங்கேதான்.

எல்லோரும் அங்கே வகுப்பில் பயன்பட்ட சோதனைப் பொருள் பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மாதக் கூட்டம். சுற்றுவட்டார ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளியில் கூடினார்கள். கூட்டத்தின் பொருள் பெரும்பாலும் சிக்கல்கள்தான். இந்தச் சோதனை எங்கள் பள்ளியில் வரவில்லை, உங்களுக்கு வந்ததா? பிள்ளை இப்படிக் கேட்டான், எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் குறிப்புகள் பாடநூலைத் திருத்தப் போயின. ஆசிரியர்களுக்கென்று ஒரு இதழும் வந்தது. பிள்ளைகளுக்கு 'சவாலிராம்' என்றொருவர் இருந்தார். கேள்விராமன் என்று தமிழில் சொல்லலாம். அப்படி ஒரு ஆள் கிடையாது. ஆனால் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள், பதிலும் போனது. எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்ற துணிவு தபால் பெட்டி வழியாக ஊர் ஊராகப் போனது. 2002இல் மாநில அரசு இந்தத் திட்டத்தை மூடியது. முப்பது ஆண்டு.

தமிழ்ப் பக்கத்தில் இதற்கு உறவான ஒன்று உண்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், புதுவை அறிவியல் இயக்கமும் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் ஊர் ஊராகப் போனவை. 1987 முதல் வரும் 'துளிர்' இதழைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் இந்தக் கடற்கரையிலும் உண்டு. 1993இல் தேசிய அளவில் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியபோது தமிழ்நாட்டில் அதை இந்த இயக்கம்தான் தூக்கி நடத்தியது. பத்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்து, சில மாதம் ஆய்ந்து, கட்டுரையாக முன்வைக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் ஒருவர். இரண்டாண்டுக்கு ஒரு பொதுத் தலைப்பு: நில வளம், ஆற்றல், வானிலையும் காலநிலையும் என்று மாறி வரும். எந்தத் தலைப்பில் எப்படிப்பட்ட ஆய்வு செய்யலாம் என்று யோசனைகளோடு தமிழில் கையேடு வரும், பயிலரங்கு நடக்கும். செயல்திட்டம் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் உருப்படியான பொருள் கொடுத்தது இந்த மாநாடுதான் என்பது என் முடிபு.

குறையும் உண்டு. மாவட்டம், மாநிலம், தேசம் என்று தேர்வுப் படிகள் இருக்கின்றன. படி இருந்தால் போட்டி வரும். போட்டி வந்தால் நல்ல யோசனை வைத்திருக்கும் ஆசிரியர் அதை மாவட்டச் சுற்று முடியும்வரை மடித்து வைத்துக்கொள்வார். அது மனித இயல்பு. சுற்று முடிந்த பிறகு கட்டுரைகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் பள்ளி அலமாரிக்கு. ஐந்தாண்டு கழித்து அதே ஊரில் அதே குளத்தை வேறு பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள், முன்பு அளந்த எண்கள் இருபதடி தூரத்தில் பூட்டிக் கிடக்கும்போதே.

பொம்மையார்பாளையத்திலிருந்து மேற்கே சற்று ஏறினால் செம்மண் மேடு, ஆரோவில். 1968இல் தொடங்கிய அந்த ஊரைச் சுற்றிய கிராமத்துப் பிள்ளைகளுக்காக நடக்கும் உதவி, இசையம்பலம் முதலிய பள்ளிகளில் இந்த வகைக் கற்றல் அன்றாட வேலை. 'ஸ்டெம் லேண்ட்' என்ற பெயரில் சஞ்சீவ் ரங்கநாதனும் அவரோடு வேலை செய்யும் இளம் பொறியாளர்களும் உதவி, இசையம்பலம் பள்ளிகளில் நடத்திவரும் முயற்சியில் பிள்ளைகள் வாரத்துக்கு என்ன கற்பது என்று தாங்களே திட்டம் போடுகிறார்கள், கணக்கைக் கணினி நிரலாகவும் கைப்பொருளாகவும் செய்து பார்க்கிறார்கள். வடக்கே மரக்காணத்தை நோக்கிப் போனால் நடுக்குப்பம். அங்குள்ள அரசுப் பள்ளியோடு ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டுக் குழுவினர் பல ஆண்டுகள் சேர்ந்து, கழுவேலிச் சதுப்புநிலத்தின் செடிகொடிகளையும் நீரையும் பாடமாக்கினார்கள். கழுவேலி இன்று அறியப்பட்ட பெயர். 5,151 எக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் உலகச் சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே பள்ளிப் பிள்ளைகள் அங்கே பறவை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு அருகில் இவ்வளவு அனுபவம் இருந்தும் கரையோரத்து அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அது எட்டுவது குறைவு. ஆரோவில்லில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அங்கே ஒரு வகுப்பில் பதினைந்து இருபது பிள்ளைகள் இருக்கலாம். இங்கே எமிஸ் இணையதளத்தில் விவரப் பதிவேற்றம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எல்லாம் போக மிச்ச நேரத்தில்தான் பாடம். "அவங்களுக்கு முடியும் சார், நமக்கு எங்க" என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். அந்த வரி பாதி உண்மை என்பதுதான் சங்கடம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வட்டார வள மையம், அதற்குக் கீழே குறுவள மையம், ஆசிரியர் பயிற்றுநர் என்று நாட்டின் பல பகுதிகளில் கனவாக இருக்கும் ஓர் அமைப்பு தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டாக இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்தது இதே கரையில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். 2022இல் ஆசிரியர்களுக்கென்று 'கனவு ஆசிரியர்' இதழ் வந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் கணக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. இதில் கருத்தாளர்கள் எழுநூறு பேர் வண்டியில் பொருட்களை வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டில் எனக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. ஒருவரே இருபது பள்ளி வகுப்பறைகளைப் பார்ப்பது நம் கல்வித்துறையில் அபூர்வம். அவர் பையில் சோதனைப் பொருட்களோடு முந்தைய பள்ளியில் என்ன பிசகியது என்ற செய்தியும் இருந்தால் ஓஷங்காபாத்தின் மாதக் கூட்டம் இரண்டு சக்கரத்தில் ஓடுகிறது என்று சொல்லலாம். ஆனால் அவரிடம் கேட்கப்படும் அறிக்கை எத்தனை பள்ளி, எத்தனை சோதனை, எத்தனை படம் என்பதாகத்தான் இருக்கும். குறுவள மையக் கூட்டமும் அப்படியே: மேலிருந்து வந்த காணொளி, மேலிருந்து வந்த படிவம், டீ, வடை. பிசகியதைச் சொல்ல நிகழ்ச்சிநிரலில் இடமில்லை. ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரே பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பிரித்துப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. அங்கே பாடம் நடத்தியவருக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை, பாடத்தைத்தான் எடைபோடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய அச்சத்தைப் பேசாமல் தாண்ட முடியாது. ஊர்த் தொழிலைப் பாடமாக்கு என்றால் தமிழ்நாட்டில் ஒரு காது உடனே விடைக்கும். விடைக்கத்தான் வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். மாநிலமே எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. காந்தியின் 1937 வார்தா ஆதாரக் கல்வியும் தொழிலை மையமாக வைத்ததுதான் என்றாலும், தமிழ் நினைவில் ஆழமாகப் பதிந்தது 1953தான். மீனவப் பிள்ளையைக் கடலைப் படி என்றும் உப்பளத் தொழிலாளியின் பிள்ளையை உப்பைப் படி என்றும் சொல்லும் ஆசிரியர் அந்த நினைவின் முன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துத் தமிழ்நாட்டில் பேசப்படும் அளம். கடல்நீரின் செறிவு போமே அளவையில் மூன்று, மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட, இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கும். முப்பதை நெருங்கினால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் வாரிவிட வேண்டும். குளிர்பானம் உறிஞ்சும் குழாயின் அடியில் களிமண் அடைத்தால் அளவுமானி தயார். எந்தப் பாத்தியில் எவ்வளவு மிதக்கிறது என்று பிள்ளைகள் குறிக்கலாம். இதுவரை அறிவியல். இங்கே நின்றால் அது தொழில் பழக்குவதற்கு ஒரு படி முன்னால் நிற்பதுதான், அச்சம் நியாயமே. அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி எவ்வளவு, ஒரு மூட்டை உப்பு அளத்தில் என்ன விலை, கடையில் பொட்டலம் என்ன விலை, நடுவில் உள்ளது யாருக்கு? மழை மாதங்களில் அளம் மூடிக் கிடக்கும்போது குடும்பம் எதில் ஓடுகிறது? அரசு கொடுக்கும் ஐந்தாயிரம் ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளுக்குக் காணும்? வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணை என்ன செய்கிறது? குலக்கல்வி பள்ளி நேரத்தைக் குறைத்தது, தொழிலைக் கேள்வி கேட்காமல் ஒப்படைத்தது, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஒப்படைத்தது. இந்த ஆய்வில் பள்ளி நேரம் குறையவில்லை, தொழிலே விசாரணைக்கு உள்ளாகிறது. இன்னொன்றும் வேண்டும். திண்டிவனத்தில் கடைக்காரர் மகளும் இதே ஆய்வைச் செய்ய வேண்டும். உப்பளத்துப் பிள்ளை தரும் அளவு இல்லாமல் அவளால் செய்ய முடியாது. அங்கே யார் யாருக்கு ஆசிரியர் என்பது மாறிவிடுகிறது. பள்ளிகளுக்கிடையே பகிர்வு இருந்தால்தான் இது நடக்கும். ஒரே ஊருக்குள் அடைபட்ட செயல்திட்டம் குலக்கல்வியின் நிழலிலிருந்து வெளியே வருவது கடினம்.

கடல் அறிவும் அப்படியே. சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றித் தன் கரையின் அறிவைப் பதிவு செய்திருக்கிறார். வடக்கிலிருந்து வரும் ஓட்டம் வன்னி, தெற்கிலிருந்து வருவது தெண்டி. மணல் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இந்த இரண்டு சொல்லே பாதி விடை. பொம்மையார்பாளையத்தில் இதே சொற்கள் வழங்குகின்றனவா, வேறு சொல்லா என்று பிள்ளைகள் தாத்தாக்களிடம் கேட்டு எழுதினாலே முதல் வாரம் ஓடிவிடும்.

இரண்டாவது வாரத்துக்கு இரண்டு கோல் போதும். கே.ஓ. எமரி என்ற கடல் நிலவியலாளர் 1961இல் எழுதிக்காட்டிய முறை இது. சம உயரமுள்ள இரு கோல்களில் சென்டிமீட்டர் குறித்து, இரண்டையும் ஒரு கயிற்றால் இணைக்க வேண்டும். கயிற்றை இழுத்துப் பிடித்து ஒரு கோலைக் கடல் பக்கமும் மற்றதைக் கரைப் பக்கமும் செங்குத்தாக நிறுத்தவேண்டும். கரைப் பக்கம் நிற்பவர் முன் கோலின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே நேர்கோட்டில் பார்க்கிறார். அந்தக் கோடு தன் கோலில் எங்கே வெட்டுகிறது என்று உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணினால், அந்தக் கயிற்று நீளத்துக்குள் மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். நகர்ந்து நகர்ந்து நீர்விளிம்பு வரை எடுத்தால் கரையின் குறுக்குவெட்டு வரைபடத்தாளில் வந்துவிடும். நடுநிலை வகுப்பில் எதற்கென்று தெரியாமல் மனப்பாடம் செய்யும் சரிவகத்தின் பரப்பளவுச் சூத்திரம் இங்கே வேலைக்கு வரும். இரு மாதப் படங்களின் பரப்பைக் கழித்தால், கரையில் மீட்டருக்கு எத்தனை கன மீட்டர் மணல் போனது அல்லது வந்தது என்ற எண் கிடைக்கும். லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். மட்டம் பார்க்கத் தொடுவானம் இருக்கிறது.

இதைப் பகிர்வது என்றால் எதைப் பகிர்வது? கோலின் படத்தை அல்ல. தொடக்கப் புள்ளியாக எதைப் பிடித்தோம் என்பதை. முதலில் ஒரு தென்னையைப் பிடிக்கத் தோன்றும், ஆனால் இந்தக் கரையில் தென்னையே அடுத்த ஆண்டு இருக்குமா என்பது கேள்வி. ஆகவே கோயில் சுவரின் மூலையோ சாலையோர மைல்கல்லோ வேண்டும். ஓதம் இறங்கிய நேரத்தில் அளந்தோமா, ஏறிய நேரத்திலா? கோல் மணலில் புதைந்தால் அடியில் பலகை வைத்தோமா? கல் கொட்டிய இடத்தில் அளக்க முடியாமல் எவ்வளவு தள்ளிப் போனோம்? பிள்ளைகளை அலை விளிம்புக்குக் கூட்டிப்போக எந்தப் பெற்றோர் மறுத்தார்கள், சுனாமி பார்த்த ஊரில் அந்த மறுப்பை எப்படி எதிர்கொண்டோம், ஊர்ப் பஞ்சாயத்தாரில் யார் கூட வந்து நின்றார்கள்? இந்த விவரங்கள் இல்லாத எண்ணைத் தெற்குப் பள்ளி ஆசிரியர் தன் எண்ணோடு ஒப்பிட முடியாது. பிசகுகளைச் சொல்வது அடக்கத்துக்காகச் செய்யும் காரியமல்ல. அவைதான் எண்ணுக்கு எடை தருகின்றன.

இனி நிர்வாகம் குறுக்கே வரும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை யூனியன் பிரதேசம். கோட்டக்குப்பம் தொடங்கினால் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டி மரக்காணம் வரை மறுபடி தமிழ்நாடு. மணலுக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஆசிரியர்களின் குழுக்கள் எல்லைக் கல்லில் நின்றுவிடும். நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே பயன்படுத்திய புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. சைக்கிளில் கால் மணி தூரத்திலிருக்கும் இரு ஆசிரியர்களுக்குப் பொதுவான பாடநூல் இன்று இல்லை, பொதுவான பயிற்சிக் கூட்டமும் இல்லை. பொதுவாக இருப்பது கரை ஒன்றுதான். ஒருவேளை அதுவே வசதி. எந்தப் பாடநூலின் எந்தப் பக்கம் என்ற தகராறு இல்லாமல், இரு கோலோடு இருவரும் தொடங்கலாம்.

நாள்காட்டிதான் பெரிய தடை என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் மாதம் ஒரு சனிக்கிழமை அளந்துவிடலாம். அக்டோபர் இறுதியில் பருவமழை பிடிக்கும், காற்று திரும்பும், மணல் எதிர்த்திசையில் நகரத் தொடங்கும். பிள்ளையின் கேள்விக்கு உண்மையான விடை அந்த நவம்பர், டிசம்பர் அளவுகளில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் புயல் எச்சரிக்கை, மழை விடுமுறை, விட்டால் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல் முடிந்து பள்ளிக்கு வரும்போது கரை ஏற்கெனவே மாறியிருக்கும். அட்டவணையில் இரண்டு கட்டம் காலியாக இருக்கும். தெற்குப் பள்ளியில் ஒரு டீச்சர் நவம்பர் நடுவில் மழை விட்ட ஒரு மதியம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அளந்திருந்தால், அந்த எண்ணைக் கேட்டு இங்கிருந்து ஒரு போன் போட வேண்டும்.